வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்: பேரிடர்ப் பதக்கங்கள் எதை அளக்கின்றன?

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கிய நாடுகளுக்கு நிவாரணப் பணிக்குப் போன ஆஸ்திரேலியர்களுக்கு அவர்கள் அரசு ஒரு பதக்கம் வழங்கியது. வெளிநாடுகளில் மனிதாபிமானப் பணி செய்வோருக்காக 1999இல் உருவாக்கப்பட்ட பதக்கம் அது. இந்தப் பணிக்காகப் பெற்றவர்களின் பதக்க நாடாவில் ‘இந்தியப் பெருங்கடல்’ என்று பொறித்த சிறிய உலோகப் பட்டை ஒன்று இருக்கும். ஐந்தாண்டுகூட ஆகவில்லை, 2009 பிப்ரவரி 7 அன்று அதே நாட்டின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீ மூண்டது. அன்று மெல்போர்னில் வெப்பநிலை 46.4 டிகிரி செல்சியஸ். 173 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மேரிஸ்வில் என்ற சிற்றூரில் எஞ்சிய கட்டடங்கள் மிகச் சில. அந்தத் தீயோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்குக் கொடுக்க அரசிடம் பொருத்தமான பதக்கம் எதுவும் இல்லை. உயிரைப் பணயம் வைத்த தனிமனிதத் துணிவுக்கு விருதுகள் இருந்தன. சீருடைப் பணியில் பல்லாண்டு உழைத்தவர்களுக்கு 1975இலேயே தேசியப் பதக்கம் வந்துவிட்டது. ஆனால் அயல்நாட்டுப் பேரிடரில் கைகொடுத்தால் பதக்கம், சொந்த ஊர்ப் பேரிடரில் கைகொடுத்தால் ஒன்றுமில்லை என்ற விசித்திரம் 2011 அக்டோபர் வரை நீடித்தது. அந்த மாதம்தான் ‘தேசிய அவசரகாலப் பதக்கம்’ தோற்றுவிக்கப்பட்டது. 2009 காட்டுத்தீயும், 2010-11 கோடையில் குயின்ஸ்லாந்தைப் புரட்டிப்போட்ட வெள்ளமும் யாசி புயலும் முன்தேதியிட்டு அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

இந்தப் பதக்கத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஒரு பேரிடர் நாடு தழுவிய முக்கியத்துவம் கொண்டது என்று முதலில் அறிவிக்கப்பட வேண்டும். எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, குறைந்தது எத்தனை நாள் என்பதெல்லாம் அந்த அறிவிப்பிலேயே வரையறுக்கப்படும். அந்த எல்லைக்குள் அத்தனை நாள் பணியாற்றியவர் பதக்கத்துக்கு உரியவர். சம்பளம் வாங்கும் அலுவலரா, தன்னார்வலரா என்ற பேதம் இல்லை. நாள் கணக்கு நிறையாவிட்டாலும் குறிப்பிடத்தக்க பங்காற்றியவர்களுக்கென்று இரண்டாவது வாசல் ஒன்றும் உண்டு. துணிவை அளக்காமல் உழைப்பை அளப்பது, தனிநபரைப் பொறுக்கியெடுக்காமல் பணியாற்றிய எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்ற இரண்டும் இந்தப் பதக்கத்தின் உண்மையான புதுமைகள். போர்க்களத்தில் நின்ற ஒவ்வொரு படைவீரனுக்கும் தரப்படும் களப் பதக்கத்தின் தர்க்கம் இங்கே குடிமக்களுக்கு விரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே தர்க்கம் ஒரு குறையையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. படையினரின் பெயர் எப்போதும் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கும். பேரிடரில் உழைக்கும் பாதிப்பேர் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஆகவே பேரிடர்ப் பதக்கம் ஒன்றை மதிப்பிட அதன் உலோகத்தையோ விழாவையோ பார்த்துப் பயனில்லை, அதற்கு அடியில் இருக்கும் பெயர்ப்பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பட்டியல் எப்படித் தயாராகிறது, யாரை விட்டுவிடுகிறது, விழா முடிந்தபின் அது எதற்குப் பயன்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்குச் சரியான விடை இல்லாத பதக்கம் அரைகுறையானது.

நாள் கணக்கு ஏன் அளவுகோலாயிற்று என்பதைப் புரிந்துகொள்வது எளிது. ஆஸ்திரேலியக் கிராமப்புறத் தீயணைப்பின் முதுகெலும்பே தன்னார்வலர்கள்தாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வண்டியில், எந்த ஷிப்ட்டில் போனார்கள் என்பதற்கு அமைப்பிடம் குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை எடுத்துப் பெயர்களை எண்ணிவிடலாம். ஆனால் தீ எரிந்த இடத்தில் சிவப்பு வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பு உண்டு. பிக்கப் வண்டியின் பின்தட்டில் சில நூறு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்தில் கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய பெட்ரோல் பம்ப், சுருட்டி வைத்த ரப்பர் குழாய். பக்கத்து வயலில் புகை தெரிந்ததும் விவசாயி அதை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்; தீயணைப்புப் படை வருவதற்குள் வேலிக்கு இந்தப் பக்கம் தீ தாண்டாமல் பார்த்துக்கொள்வார். நாலு நாள் தூங்காமல் இப்படி நின்றவருக்கு ஷிப்ட் இல்லை. ஷிப்ட் இல்லாதவருக்கு வருகைப் பதிவும் இல்லை. 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் ஆறு 4.46 மீட்டர் உயர்ந்து வடிந்தபோது நடந்ததும் இதுதான். மண்வெட்டியும் துடைப்பமும் ரப்பர் பூட்ஸுமாக ஆயிரக்கணக்கானோர் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளுக்குள் நுழைந்து சேற்றை வாரிக் கொட்டினார்கள். ‘சேற்றுப் படை’ என்று நாடே அவர்களைக் கொண்டாடியது. பலர் மாநகராட்சி ஏற்பாடு செய்த பேருந்துகளில் போனார்கள். அதைவிட அதிகமாகவே தம் தெருவிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு நடந்து போயிருப்பார்கள். ஒரு வாரயிறுதியில் அவர்கள் வாரிய சேறு ஒரு நகரத்தை மறுபடி குடியிருக்கத் தக்கதாக்கியது. நாள் கணக்கில் அது இரண்டே நாள்.

இதைச் சிறு விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் பேரிடரின் இயல்பிலேயே இருக்கிறது. உயிர்கள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் காப்பாற்றப்படுகின்றன, அல்லது இழக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் அருகில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தார். 2022 பிப்ரவரி 28 அன்று நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோர் நகரில் வில்சன்ஸ் ஆறு 14.4 மீட்டருக்கு ஏறியது. முந்தைய உச்சத்தைவிட அது ஏறத்தாழ 2 மீட்டர் அதிகம். விடியற்காலையில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். மாநில அவசரச் சேவைக்கு வந்த அழைப்புகள் அதன் சக்திக்கு மீறியவை. மீன்பிடிக்க வைத்திருந்த சிறிய அலுமினியப் படகுகளையும் கயாக்குகளையும் எடுத்துக்கொண்டு ஊர்க்காரர்களே இறங்கி, கூரை கூரையாகப் போய் ஆட்களை ஏற்றினார்கள். கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நடந்ததும் இதற்கு இணையானது. கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 669 படகுகள் சென்றதாகவும் குறைந்தது 65,000 பேர் மீட்கப்பட்டதாகவும் மாநிலக் கணக்கு சொன்னது. லிஸ்மோரிலும் கேரளத்திலும் மிகத் தீவிரமான மீட்புப் பணி ஓரிரு நாளில் முடிந்துவிட்டது. நாளை எண்ணும் பதக்கம், நிவாரண முகாமில் மூன்று வாரம் கோப்பு பார்த்தவரை எளிதில் அடையாளம் காணும். கூரையிலிருந்து நாற்பது பேரை இறக்கியவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கோப்பு பார்ப்பதும் சேவைதான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அளவுகோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் சிக்கல்.

இரண்டாவது வாசல் இருக்கிறதே, குறிப்பிடத்தக்க பங்காற்றியவர்கள் அதன் வழியே வரலாமே என்று கேட்கலாம். வரலாம். ஆனால் இரண்டு வாசல்களின் உயரம் ஒன்றல்ல. முதல் வாசலில் அமைப்பின் பதிவேடே சாட்சி. உறுப்பினர் செய்ய வேண்டியது சொற்பம். இரண்டாவது வாசலில் ஒருவர் செய்தது ஏன் குறிப்பிடத்தக்கது என்று யாராவது எடுத்துச் சொல்லி நிறுவ வேண்டும். வீடு இழந்து, காப்பீட்டு நிறுவனத்தோடு இழுபறியில் இருக்கும் ஊரில் விண்ணப்பம் எழுத யாருக்கு நேரம் இருக்கும்? எல்லை வகுக்கும் விதி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அது சிலரை வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு பிரிட்டன் 2015இல் அறிவித்த எபோலா பதக்கமும் சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில் தொடர்ச்சியாக 21 நாள், அல்லது விட்டுவிட்டு மொத்தம் 30 நாள் பணியாற்றியிருக்க வேண்டும் என்றது விதி. அபாயத்தோடு ஒத்துப்போகும் நல்ல விதிதான். அந்த நோயின் அறிகுறி வெளிப்பட அதிகபட்சம் ஆகும் காலமும் 21 நாளே. ஆயினும் அது பிரிட்டன் சார்பில் போனவர்களுக்கான பதக்கம். அந்தக் கொள்ளைநோயில் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 2015 நவம்பர் வரையில் 881 மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்று ஏற்பட்டு 513 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். ஒரு நாடு தன் சார்பில் போனவர்களைக் கௌரவிப்பதில் தவறில்லை. ஆனால் மூன்று வாரம் இருந்து திரும்பியவருக்குப் பதக்கமும், தொடக்கம் முதல் முடிவுவரை அங்கேயே இருந்தவருக்கு அந்தப் பட்டியலில் இடமின்மையும் சேர்ந்து, யாருடைய ஏடு எழுதப்படுகிறதோ அவர்களுடைய சேவையே நினைவில் நிற்கும் என்பதைக் காட்டிவிடுகின்றன.

பட்டியல் இவ்வளவு முக்கியமா, மார்பில் குத்திக்கொள்ளும் ஒரு துண்டு உலோகத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதற்கு விடை செர்னோபிலில் இருக்கிறது. 1986இல் அணு உலை வெடித்தபின் துப்புரவுப் பணிக்கு அழைக்கப்பட்டவர்களுக்குச் சோவியத் அரசு தந்த சின்னம் உலகில் வேறெங்கும் காண முடியாதது. அதன் நடுவில் ஒரு துளி இரத்தம். அதை ஊடுருவிச் செல்லும் ஆல்ஃபா, பீட்டா, காமா கதிர்களின் தடங்கள். செய்த வேலையின் விலை என்ன என்பதை மறைக்காமல் சொன்ன சின்னம் அது. ஏறத்தாழ 6 லட்சம் பேருக்கு அந்தப் பணியாளர் என்ற சட்டபூர்வத் தகுதி கிடைத்தது. மருத்துவம், ஓய்வூதியம் போன்ற சலுகைகள் அந்தத் தகுதியை ஒட்டியே வந்தன. ஆனால் ஒவ்வொருவர் உடலும் வாங்கிய கதிரியக்கம் எவ்வளவு என்ற பதிவு பலருக்கு முழுமையாக இல்லை. கருவி இல்லாமல் போனவர்களுக்கு மதிப்பீடு மட்டுமே எழுதப்பட்டது. நோய் வந்தபோது அந்த வெற்றுக் கட்டம்தான் அவர்களுக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்றது. அழகிய சின்னம் இருந்தது. ஆனால் ஏட்டில் இருந்திருக்க வேண்டிய எண் இல்லை.

நியூயார்க் இதை வேறு திசையிலிருந்து உறுதி செய்கிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இடிபாடுகளில் வேலை செய்தவர்களிடையே நுரையீரல் நோயும் புற்றுநோயும் தலைகாட்டின. அவர்களின் சிகிச்சைக்கான சட்டம் 2011 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று. யார் உரியவர் என்று அது வகுத்த முறையைப் பேரிடர்ப் பதக்கம் வகுக்கும் எவரும் படிக்க வேண்டும். முதல் நான்கு நாளுக்குள் வந்தவருக்கு 4 மணி நேரப் பணி போதும். செப்டம்பர் மாதம் முடிவதற்குள் என்றால் 24 மணி நேரம். 2002 ஜூலை வரை என்றால் 80 மணி நேரம். தூசு அடர்ந்திருந்த தொடக்க மணிகளுக்குக் கூடுதல் எடை என்பதே இதன் உட்பொருள். மேலும், எந்த அமைப்பின் பட்டியலிலும் பெயர் இல்லாமல் தாமாக வந்து உதவியவர்கள், அருகே நின்று பார்த்தவர்களின் கையொப்பமிட்ட சாட்சியத்தைக் கொண்டும் தம் வருகையை நிறுவ வழி வைக்கப்பட்டது. இது பதக்கத்துக்கான விதியல்ல, சிகிச்சைக்கான விதி. ஆனாலும் பேரிடர் எந்த வடிவத்தில் நிகழ்கிறதோ அதே வடிவத்தில் கணக்கும் இருக்க வேண்டும் என்பதை அது நடைமுறையில் காட்டிவிட்டது. பேரிடர்ப் பதக்கத்துக்கும் இதே ஏணிமுறை பொருந்தும். முதல் மூன்று நாளின் மீட்புப் பணிக்குச் சில மணி நேரம் போதும் என்றும், நிவாரணக் கட்டத்துக்குச் சில நாட்கள் என்றும், மறுசீரமைப்புக் கட்டத்துக்குச் சில வாரங்கள் என்றும் வகுத்துவிட்டால் அலுமினியப் படகுக்காரரும் முகாம் எழுத்தரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வரலாம். அமைப்பு சாராதவர்களுக்கு ஊராட்சி உறுப்பினர், பள்ளித் தலைமையாசிரியர், மீட்கப்பட்டவர் என இரண்டு மூன்று பேரின் சாட்சியம் போதும் என்று வைத்துவிட்டால் பட்டியல் சீருடையைத் தாண்டி விரியும்.

இப்படித் திறந்துவிட்டால் பொய்க் கணக்கு பெருகும் என்பது உடனே எழும் மறுப்பு. பொய் வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் பொய்ச் சாட்சியத்துக்குத் தண்டனை என்ற எச்சரிக்கையோடு, மருத்துவச் செலவு போன்ற பெரிய பணம் புழங்கும் திட்டமே சாட்சியத்தை ஏற்கிறது என்றால், பணமதிப்பு இல்லாத ஒரு பதக்கத்துக்கு அதைவிடக் கடுமையான ஆதாரம் கேட்பது பொருத்தமில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுத்தால் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்பது அது. துணிவு விருதையும் சேவைப் பதக்கத்தையும் ஒரே தராசில் வைப்பதால் வரும் குழப்பம் இது. துணிவு விருதின் மதிப்பு அதன் அருமையில் இருக்கிறது. சேவைப் பதக்கத்தின் மதிப்பு அதன் முழுமையில். ஒரே தீயில் ஒரே வண்டியில் நின்ற ஆறு பேரில் நாலு பேருக்குக் கிடைத்து இருவருக்குக் கிடைக்காமல் போனால்தான் அதன் மதிப்பு குறையும்.

தன்னார்வலர்கள் பதக்கத்தை எதிர்பார்த்துப் போகவில்லை, அவர்களுக்கு வேண்டியது கருவியும் காப்பீடும் கூலியிழப்புக்கு ஈடும்தான் என்போரின் வாதத்தில் பெரும்பங்கு நியாயம் உண்டு. 2019-20 கோடைக் காட்டுத்தீ 24 மில்லியன் ஹெக்டேருக்கு மேல் எரித்து, 3,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்து, 33 உயிர்களை நேரடியாகக் கொண்டுபோனது. தீ மாதக்கணக்கில் நீண்டதால் சொந்த வேலையை விட்டுவிட்டு நின்ற தன்னார்வலர்களின் வருமானம் அடிபட்டது. கண்டனம் வலுத்தபின், 2019 டிசம்பர் இறுதியில் ஆஸ்திரேலிய அரசு ஓர் இழப்பீட்டை அறிவித்தது. பத்து நாளுக்கு மேல் பணியாற்றி வருமானம் இழந்த நியூ சவுத் வேல்ஸ் தன்னார்வலருக்கு நாளொன்றுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலருக்கு மிகாமல். கூலியா, பதக்கமா என்று எதிரெதிராக நிறுத்துவோர் இந்த அறிவிப்பில் உள்ள ஒரு நுட்பத்தைத் தவறவிடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கும் யார் எத்தனை நாள் நின்றார்கள் என்ற கணக்குதான் வேண்டியிருந்தது. இழப்பீடு, நோய்க்கான சிகிச்சை, பதக்கம் மூன்றுக்கும் அடித்தளம் ஒரே ஏடு. பதக்கத்தைத் தனியே கொடுத்து மற்ற இரண்டையும் மறக்கும் அரசைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். அதற்குப் பரிகாரம் பதக்கத்தை ஒழிப்பதன்று. பதக்கத்துக்காகத் திரட்டிய பெயர்களை மருத்துவக் கண்காணிப்புக்கும் சட்டப்படி பயன்படுத்த வைப்பது. பல மாதம் புகையைச் சுவாசித்தவரின் நுரையீரலைப் பத்தாண்டு கழித்துச் சோதிக்க நினைக்கும் மருத்துவருக்கு அந்தப் பட்டியலைவிடப் பயனுள்ள ஆவணம் இருக்க முடியாது.

எல்லாவற்றிலும் ஆழமான மறுப்பு இன்னொன்று. பதக்கம் தோல்வியைக் கொண்டாட்டமாக மாற்றிவிடுகிறது. எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை, ஏரிப்படுகையில் ஏன் வீடு கட்டவிட்டார்கள், மின்கம்பி ஏன் பழுதுபார்க்கப்படவில்லை என்ற கேள்விகளை வீரக்கதைகள் மூடிவிடுகின்றன என்பது அது. இந்த அபாயம் மெய்யானது. விக்டோரியாவில் அது கட்டுக்குள் இருந்ததற்குக் காரணம் வரிசைமுறை. நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010 ஜூலையில் 67 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை தந்தது. பதக்கம் பிறந்தது அதற்கும் ஓராண்டுக்குப் பிறகு. முதலில் விசாரணை, பிறகு பாராட்டு என்பதை எழுதப்படாத மரபாக விடாமல் விதியாகவே ஆக்கிவிடலாம். பேரிடருக்குப் பின் செய்த பணிக்கு இணையாகப் பேரிடருக்கு முன் செய்த பணியையும் மதிக்கலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஜனவரி 23 அன்று அறிவிக்கப்படும் சுபாஷ் சந்திர போஸ் ஆபத்து மேலாண்மை விருது இதற்கு நல்ல முன்னுதாரணம். 2025இல் அதைப் பெற்றது ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். 2004க்குப் பின் சுனாமி முன்னெச்சரிக்கைப் பொறுப்பை ஏற்று நம் கடற்கரைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பிவரும் நிறுவனம் அது. நேராமல் போன சாவுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் ஒரு நாடு கௌரவிக்க முடியும் என்பதை அந்தத் தேர்வு காட்டியது.

அதே விருதை வைத்து நம் பக்கத்து இடைவெளியையும் காணலாம். நிறுவனம் என்றால் 51 லட்சம் ரூபாய், தனிநபர் என்றால் 5 லட்சம் என்று தரப்படும் அந்த விருது ஆண்டுக்கு மிகச் சிலருக்கே உரியது. 1961 முதல் வழங்கப்படும் ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் ஆபத்தில் சிக்கிய உயிரைக் காத்த தனிமனிதச் செயலுக்கானவை. ஒன்று சிறந்த நிறுவனத்தையும் மற்றொன்று துணிந்த கணத்தையும் பார்க்கிறது. 669 படகுகளில் போனவர்களைப் போன்ற பெருந்திரள் இந்த இரண்டின் பார்வைக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. பாராட்டு விழாவோடும் எரிபொருள் செலவோடும் அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப ஆஸ்திரேலியாவின் பதக்கத்தை அப்படியே நகலெடுத்தால் போதாது. சேவையைத் துணிவிலிருந்து பிரித்து எல்லோருக்கும் உரியதாக்கிய அதன் நல்ல பாதியை எடுத்துக்கொண்டு, நாளை மட்டும் எண்ணும் பாதியை நியூயார்க்கின் ஏணிமுறையால் திருத்த வேண்டும். அந்த வேலை விருதுக் குழுவின் மேசையில் தொடங்குவதில்லை. மீட்புக்குக் கிளம்பும் படகு லாரியில் ஏறும் இடத்தில், சேறு வாரப் போகும் பேருந்தின் படியில், நிவாரணச் சமையல் நடக்கும் பள்ளியின் வாசலில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் ஒரு ஆளும் வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் படகுக்கும் கயிறுக்கும் ஒதுக்கீடு இருப்பதுபோல் அந்த நோட்டுக்கும் ஒதுக்கீடு இருந்தால், பதக்கத்தை எப்போது வார்ப்பது என்பதை அரசு ஆற அமர முடிவு செய்துகொள்ளலாம். பெயர்களை அன்றே எழுதாவிட்டால் பிறகு திரட்ட முடியாது.